வைரஸை எந்த இடத்தில் மறிப்பது?

2020 நவம்பர் 4 அன்று டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன், நாட்டில் உள்ள மிங்க் விலங்குகள் அனைத்தையும் கொன்றுவிட வேண்டும் என்று அறிவித்தார். ரோமத்துக்காகக் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட, கீரியை ஒத்த அந்தச் சிறு விலங்குகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தன. மனிதர்களிடமிருந்து மிங்குகளுக்குப் போன கொரோனா வைரஸ், நெருக்கமான கூண்டு வரிசைகளில் பெருகி, மரபணுவில் சில மாற்றங்களோடு மனிதர்களிடமே திரும்பியிருந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, நோய் தொற்றாத பண்ணைகளின் விலங்குகளைக் கொல்லச் சொல்லும் சட்ட அதிகாரம் அரசுக்கு இல்லை என்பது அம்பலமானது. துறை அமைச்சர் பதவி விலகினார். அவசரத்தில் ஆழமில்லாமல் புதைத்த உடல்கள் வாயு உப்பி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. அடுத்த ஆண்டு அவற்றைத் தோண்டியெடுத்து எரிக்க நேர்ந்தது. பண்ணையாளர்களுக்கான இழப்பீட்டுக்கு ஏறத்தாழ 1,900 கோடி குரோன் வரை ஒதுக்கப்பட்டது.

அந்த முடிவைக் கேலி செய்வது எளிது. ஆனால் அது தடுப்பூசி வரச் சில வாரங்களே இருந்த நேரம். மிங்கில் உருவான மாற்றம் அந்தத் தடுப்பூசியை வலுவிழக்கச் செய்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். எனக்குள்ள குறை வேறு. இப்படிப்பட்ட நெருக்கடிகளில் விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் பாதையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எதிர்த்திசையில் போகும் பாதை கணக்கிலேயே வருவதில்லை. கணக்கில் பாதியை விட்டுவிட்டு வழிகளை ஒப்பிட்டால், தரவரிசை தப்பாகத்தான் வரும்.

எதிர்த்திசைப் போக்குவரத்து சிறியதும் அல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பொதுத் தரவுத்தளங்களில் இருந்த வைரஸ் மரபணுத் தொடர்களை அலசி 2024 மார்ச்சில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதருக்கும் விலங்குக்கும் இடையே நடந்ததாக அவர்கள் கணித்த தாவல்களில் 64 சதவீதம் மனிதரிடமிருந்து விலங்குக்குப் போனவை. உலகில் எடுக்கப்படும் வைரஸ் மாதிரிகள் மனிதர்கள் பக்கமே அதிகம் சாய்ந்திருப்பவை என்பதால் அந்த எண்ணை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும், விலங்குகள் நோயின் ஊற்று, மனிதர்கள் அதில் நனைபவர்கள் என்ற பழைய படம் இனி நிற்காது.

ஒரு வைரஸ் நடமாடுவது தெரிந்ததும் யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவர் சுகாதாரத் துறைத் தலைவராக இருக்கலாம், பண்ணை உரிமையாளராக இருக்கலாம், குரங்குகள் வாழும் ஒரு சரணாலயத்தின் பொறுப்பாளராக இருக்கலாம். அவர் முன்னுள்ள வழிகள் ஐந்து: விலங்குகளைக் கொல்வது, அவற்றுக்குத் தடுப்பூசி போடுவது, இரு தரப்பும் சந்திக்கும் இடத்தை மாற்றியமைப்பது, விலங்குகளோடு பழகும் மனிதர்களைப் பாதுகாப்பது, முன்கூட்டியே தேடிக் கண்காணிப்பது. பணமும் ஆளும் எல்லாவற்றுக்கும் போதாது. எதை முதலில் செய்வது?

கொன்றழித்தல்

முதலில் நினைவுக்கு வருவது இதுதான், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கை. சில சமயம் இது பலித்தும் இருக்கிறது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முறையாக மனிதர்களைத் தாக்கியபோது 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் இறுதியில் சில நாட்களுக்குள் நகரத்தின் கோழிகள் அனைத்தும், ஏறத்தாழ 15 லட்சம், கொல்லப்பட்டன. மனிதத் தொற்று அத்தோடு நின்றது. அது பலித்ததற்குக் காரணங்கள் உண்டு. எல்லை சிறியது. கோழிகள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்திருந்தது. வைரஸ் மனிதர்களிடையே நிலைக்கவில்லை, எனவே கோழிகள் போனதும் ஊற்று வறண்டது.

இந்த நிபந்தனைகள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எகிப்து சாட்சி. 2009இல் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று பெயர் பரவியதும், நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லாத நிலையில், அரசு எல்லாப் பன்றிகளையும், ஏறத்தாழ 3 லட்சம், கொல்ல உத்தரவிட்டது. அந்த வைரஸ் அப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. பன்றியைக் கொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சர்வதேச அமைப்புகள் சொல்லியும் பயனில்லை. கெய்ரோவின் குப்பை அள்ளும் சமூகத்தினர் உணவுக் கழிவை அந்தப் பன்றிகளுக்குத்தான் போட்டுவந்தார்கள். பன்றிகள் போனதும் தெருக்களில் கழிவு மலைபோல் குவிந்தது. சில வாரங்களில் காய்ச்சல் விமானமேறி வந்து சேர்ந்தது.

காட்டு விலங்குகளிடம் இந்த வழி இன்னும் மோசமாகத் திரும்பி அடிக்கும். உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் தொற்றியது. அங்கே பெரும் எண்ணிக்கையில் தங்கியிருந்த பழந்தின்னி வௌவால்களைச் சுரங்கத்தார் அழித்தார்கள். 2012இல் அருகிலேயே மார்பர்க் மறுபடி வெடித்தது. ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது வௌவால்கள் பழைய எண்ணிக்கையில் மிகச் சிறு பங்கே மீண்டும் குடியேறியிருந்தன. ஆனால் வைரஸ் சுமந்தவற்றின் விகிதம் முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெற்ற வௌவால்களைக் கொன்றுவிட்டு, எதிர்ப்பாற்றல் இல்லாத புதியவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்தால் வேறென்ன ஆகும்? பெரு நாட்டில் ரேபிஸைக் கட்டுப்படுத்த இரத்தம் குடிக்கும் வௌவால்களை நஞ்சு வைத்துக் கொன்ற அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது: கூட்டம் கலைந்து அலையும்போது நோயும் அலைகிறது.

பிரேசிலில் நடந்தது இன்னொரு வகை மடமை. 2016 முதல் 2018 வரை அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியபோது பயந்த மக்கள் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். குரங்கு அந்த நோயை மனிதருக்குக் கொடுப்பதில்லை, கொசுதான் கொடுக்கிறது. ஓலமிடும் குரங்குகள் அந்த வைரஸுக்கு முதலில் பலியாகிறவை. காட்டில் அவை செத்து விழுவது, அடுத்து எந்த ஊருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிகுறி. அவற்றைக் கொன்றவர்கள் தங்கள் எச்சரிக்கை மணியைத் தாங்களே உடைத்தார்கள். அந்த வைரஸ் அமெரிக்கக் கண்டங்களின் சொந்தச் சரக்கும் இல்லை. அடிமை வணிகக் கப்பல்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மனிதர்கள் கொண்டுவந்த நோய்க்குக் குரங்குகள் இரண்டு முறை தண்டனை பெற்றன.

எனவே என் தீர்ப்பு: எண்ணிப் பார்க்கக்கூடிய, மூடிய, வளர்ப்பு விலங்குக் கூட்டம், வைரஸ் இன்னும் மனிதர்களிடையே பரவவில்லை, இழப்பீடு உடனே தரப்படும். இந்த மூன்றும் இருந்தால் கொல்லலாம். ஒன்று குறைந்தாலும் வேறு வழியைப் பார்க்க வேண்டும். இழப்பீட்டைச் சேர்த்துச் சொல்வது கருணையால் மட்டும் அல்ல. அது இல்லாவிட்டால் பண்ணையாளர் நோயை மறைப்பார், அல்லது இரவோடிரவாக விற்றுவிடுவார்.

விலங்குக்கு ஊசி

இந்த வழிக்கு ஆதரவான மிகச் சிறந்த சான்று ரேபிஸ். ஐரோப்பாவில் நரிகளைச் சுட்டும், வளைகளில் நச்சுப்புகை விட்டும் பல பத்தாண்டுகள் முயன்று தோற்றார்கள். 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகளின் வழியில் போட்டார்கள். நரிகள் தின்றன, ரேபிஸ் பின்வாங்கியது. 1999இல் அந்நாடு நரி ரேபிஸிலிருந்து விடுபட்டது; ஜெர்மனி 2008இல் அதை எட்டியது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்கள் மூலம்தான். நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்பது பல நாடுகளில் தேர்ந்த அனுபவம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2008இல் ரேபிஸ் நுழைந்தபோது நாய்களைக் கொன்று பார்த்துவிட்டு, பிறகு தடுப்பூசிக்குத் திரும்பிய பின்னரே நோய் இறங்கியது. கொன்ற நாயின் இடத்துக்கு ஊசி போடாத புதுக் குட்டி வந்துவிடும் என்ற எளிய கணக்கு அங்கே பாடமாயிற்று.

சீனாவின் எச்7என்9 கதை இன்னும் கூர்மையானது. 2013 முதல் மனிதர்களைத் தாக்கிவந்த அந்தக் கோழிக் காய்ச்சல் 2016–17 பருவத்தில் 700க்கும் மேற்பட்டவர்களைத் தொற்றியது. 2017 செப்டம்பரில் நாடு முழுவதும் கோழிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. அடுத்த பருவத்தில் மனிதத் தொற்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் 1,300க்கும் மேல் இருந்த பண்ணைத் தொற்றுகள் அந்தப் பருவத்தில் 10 ஆகக் குறைந்தன.

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் வழியை ஏன் எல்லோரும் எடுப்பதில்லை? வணிகம். ஊசி போட்ட பறவைக்கு நோய் அறிகுறி தெரியாமலே வைரஸ் ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் இறக்குமதி நாடுகள் தடை போடுகின்றன. பிரான்ஸ் ஊசியைத் தொடங்கியதும் அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. அந்தச் சந்தேகம் முழுக்கச் சாக்குப்போக்கு இல்லை. தடுப்பூசி போட்டுவிட்டுச் சோதனை செய்யாமல் விட்டால், நோய் மௌனமாகச் சுற்றி, தடுப்பூசிக்குத் தப்பும் வகைகள் தலையெடுக்க இடம் உண்டு. எனவே ஊசியின் விலையோடு தொடர்ச்சியான சோதனையின் செலவையும் சேர்த்துத்தான் இந்த வழியை எடைபோட வேண்டும். வௌவாலுக்கும் மானுக்கும் இந்த வழி இன்று கைக்கெட்டவில்லை. நரி தடுப்பு மருந்தைத் தின்றது நம் அதிர்ஷ்டம்.

ஊசியை ஊற்றுக்குப் போட முடியாவிட்டால் இடைத்தரகருக்குப் போடலாம். ஆஸ்திரேலியாவில் 1994இல் வெளிப்பட்ட ஹெண்ட்ரா வைரஸ் பழந்தின்னி வௌவாலிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் வருகிறது. இதுவரை தொற்றிய 7 பேரில் 4 பேர் இறந்தார்கள். 2012இல் குதிரைக்குத் தடுப்பூசி வந்தது. ஏழு பேருக்காக மனிதத் தடுப்பூசி தயாரிக்க எந்த நிறுவனமும் முன்வராது. குதிரைக்கு வாங்க உரிமையாளர்கள் இருந்தார்கள். இந்த வகைக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கிறது.

சந்திக்கும் இடம்

நிப்பா வைரஸ் இதற்கு நல்ல உதாரணம். 1998–99இல் மலேசியாவில் 265 பேருக்குத் தொற்றி 105 பேர் இறந்தார்கள்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே பழமரங்கள் நடப்பட்டிருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றி தின்றது. மரத்தையும் கொட்டகையையும் தள்ளி வைத்தால் போதும் என்ற தீர்வு, பன்றிகள் போன பிறகுதான் விதியானது. வங்கதேசத்தில் அதே வைரஸ் பேரீச்சைச் சாறு வழியாக வந்தது. இரவில் சாறு வடியும் இடத்தை வௌவால்கள் நக்கிச் சென்றன. சாறு இறக்குபவர்கள் முன்பே அறிந்திருந்த மூங்கில் தட்டியை அந்த இடத்தில் கட்டினால் வௌவால் நெருங்குவதில்லை என்பதை இருட்டில் படமெடுக்கும் கேமரா வைத்து உறுதிசெய்தார்கள். ஒரு தட்டியின் விலையை ஒரு தீவிர சிகிச்சைப் படுக்கையின் ஒரு நாள் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சந்தைகளில் இந்த வழி வேகமாகவும் வேலை செய்யும். 2013 வசந்தத்தில் ஷாங்காயும் ஹாங்சோவும் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியதும் எச்7என்9 மனிதத் தொற்று 99 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். ஆனால் மூடிய சந்தைக்கு வரவேண்டிய கோழிகள் ஆவியாகிவிடவில்லை. மூடாத ஊர்களுக்கு லாரிகளில் போயின, வைரஸையும் சுமந்துகொண்டு. ஹாங்காங் இதைவிடப் பொறுமையாக நடந்துகொண்டது: சந்தைகளைக் காலிசெய்து கழுவ ஓய்வு நாள், 2002இல் காடை விற்பனைக்குத் தடை, 2008இல் உயிர்க்கோழிகளை இரவில் கடையில் வைத்திருக்கத் தடை. கோழி இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, வைரஸ் குடியேறத் தேவையான இரவுதான் இல்லை.

இதே வழியின் பெரிய, மெதுவான வடிவம் காடு. ஹெண்ட்ரா குறித்து 25 ஆண்டுத் தரவுகளை அலசிய ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. குளிர்காலத்தில் யூகலிப்டஸ் மரங்கள் நன்றாகப் பூத்த ஆண்டுகளில் வௌவால்கள் காட்டுக்கே போய்விடுகின்றன. குதிரைகளுக்குத் தொற்று வருவதில்லை. காடு அழிந்து, பூவும் இல்லாத ஆண்டுகளில் பசியோடு குதிரை லாயத்துப் பக்கம் வருகின்றன. குளிர்காலத்தில் பூக்கும் மரங்களை மீட்பது ஒரு நோய்த்தடுப்புத் திட்டம் என்று எந்த நிதிநிலை அறிக்கையும் எழுதாது. பலன் வர ஆண்டுகள் பல ஆகும், புகழ் அடுத்த அமைச்சருக்குப் போகும்.

மனிதரைப் பாதுகாப்பது

ஐந்தில் மிகக் குறைவாக மதிக்கப்படும் வழி இது. என் வரிசையில் முதலிடம் இதற்குத்தான்.

காரணத்தை வைரஸின் பக்கம் நின்று பார்க்கலாம். பறவைக் காய்ச்சல், பன்றிக் காய்ச்சல் இரண்டுக்கும் காரணமான இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் கலைந்து புதுச் சேர்க்கை பிறக்கலாம். பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு ஒன்று, மனித வைரஸ் பற்றிக்கொள்வது இன்னொன்று. பன்றியின் சுவாசப் பாதையில் இரண்டும் உண்டு. பசுவின் மடியிலும் இரண்டும் இருப்பதாக 2024இல் தெரியவந்தது. ஆக, காய்ச்சலோடு பண்ணைக்கு வரும் தொழிலாளி, கலவைக்குத் தேவையான இரண்டு பொருள்களில் ஒன்றைத் தானே கொண்டுவருகிறார். 2009 எச்1என்1 வைரஸ் மனிதர்களிடையே பரவத் தொடங்கிய சில வாரங்களிலேயே கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு பன்றிப் பண்ணையில் காணப்பட்டது. அதற்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்கப் பன்றிகளுக்கு அந்த வைரஸ் மனிதர்களிடமிருந்து 370 முறை அளவில் போயிருப்பதாக மரபணு ஆய்வுகள் கணித்தன. போனவற்றில் சில பன்றிகளில் மாறி மனிதரிடம் திரும்பியும் வந்தன. பன்றிக் காய்ச்சல் என்று நாம் பெயர் வைத்தோம். பன்றிகளுக்குப் பேச முடிந்தால் அவை அதை எப்படி அழைத்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

தொழிலாளிக்குப் பருவகாலக் காய்ச்சல் தடுப்பூசி, முகக்கவசம், கண்ணாடி, நோயுற்றால் சம்பளத்தோடு விடுப்பு. இவை அவரிடமிருந்து விலங்குக்குப் போவதையும் குறைக்கின்றன. விலங்கிலிருந்து அவருக்கு வருவதையும் குறைக்கின்றன. இரண்டும் சந்தித்துக் கலக்கும் வாய்ப்பையும் குறைக்கின்றன. கொல்வதும் விலங்குக்கு ஊசி போடுவதும் விலங்கு பிடிபடாத இடத்தில் கைவிட்டுவிடும். மனிதரைப் பாதுகாக்கும் வழிக்கு எந்த விலங்கு என்ற கேள்வியே இல்லை. எந்த வைரஸ் என்று தெரியும் முன்பேகூட முகக்கவசமும் விடுப்பும் வேலை செய்யும். பின்லாந்து 2024இல் ரோமப் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியையே வழங்கத் தொடங்கியது. 10,000 பேருக்குப் போதுமான அளவு. முன் ஆண்டில் அதன் ரோமப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவியிருந்தது. டென்மார்க்கின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சில்லறைச் செலவு.

இந்த வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். கோடைக் கொட்டகையில், ஈரத்தில், பால் தெறிக்கும் இடத்தில் முகக்கவசமும் கண்ணாடியும் மணிக்கணக்கில் அணிவது துன்பம். எழுதி வைத்த விதிக்கும் கொட்டகையில் நடப்பதற்கும் இடைவெளி பெரிது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டபோது பால் கறப்பவர்கள் கண் சிவந்து நின்றார்கள். அவர்களில் பலர் புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளர்கள். சோதனைக்கு வந்து தொற்று உறுதியானால் வேலையும் கூலியும் போகும் என்ற நிலையில் யார் முன்வருவார்? சம்பள விடுப்பை நான் இந்த வழியின் உபரிச் சலுகையாக அல்லாமல் அதன் மையமாக வைப்பது இதனால்தான்.

மனிதக் குரங்குகளிடம் போனால் வேறு வழியே கிடையாது. கோட் டிவார் (ஐவரி கோஸ்ட்) நாட்டின் ‘தாய்’ என்ற காட்டில் ஆய்வாளர்கள் பழகிய சிம்பன்சிக் கூட்டங்களில் 1999, 2004, 2006 ஆண்டுகளில் சுவாச நோய் வந்து பல இறந்தன. உடல்களை ஆராய்ந்தபோது கிடைத்தவை மனிதர்களிடையே சாதாரணமாகச் சுற்றும் சுவாச வைரஸ்கள். உகாண்டாவின் கிபாலேயில் 2013இல் ஐந்து சிம்பன்சிகளைக் கொன்றது நம் குழந்தைகளுக்குச் சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் வகை. அப்படியானால் மனிதரை உள்ளேயே விடக்கூடாது அல்லவா? தாய் காட்டின் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆய்வாளர்கள் நடமாடும் பகுதியில் வேட்டைக்காரர்கள் வருவதில்லை. மனிதர்கள் இருப்பதால் சிம்பன்சிகள் நோயில் சாகின்றன. இல்லாவிட்டால் துப்பாக்கியில் சாகின்றன. ஆகவே உள்ளே விடவும் வேண்டும், இடைவெளியும் வேண்டும். 2020இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் குறைந்தது 10 மீட்டர் தூரமும் முகக்கவசமும் கேட்டார்கள். கண்டம் தாண்டி, பெருந்தொகை கட்டி வந்த பயணி இருமுகிறார் என்றால் அவரைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் வழிகாட்டிக்கு வேண்டும். அந்தத் துணிச்சலைக் கொடுக்க வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தரும் விதி முன்பே இருக்க வேண்டும்.

தேடல்

இதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. காடுகளுக்குப் போய் வௌவால், எலி, குரங்குகளில் புது வைரஸ்களைத் தேடிப் பட்டியலிடுவது ஒன்று. அமெரிக்க அரசின் பிரெடிக்ட் திட்டம் 2009 முதல் 2020 வரை ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவில் 900க்கும் மேற்பட்ட புது வைரஸ்களைக் கண்டது. அடுத்த கொள்ளைநோயை அது முன்கூட்டிச் சொல்லவில்லை. அதன் வழியில் 2021இல் தொடங்கிய இன்னொரு திட்டம் 2023இல் மூடப்பட்டது. ஆபத்தான வைரஸைத் தேடிப் போவதே ஆபத்தாகலாம் என்ற எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். மனிதரும் விலங்கும் உரசும் இடங்களில் தொடர்ந்து மாதிரி எடுப்பது மற்றது. வைரஸ் ஆய்வாளர்கள் எட்வர்ட் ஹோம்ஸ், ஆண்ட்ரூ ராம்பாட், கிறிஸ்டியன் ஆண்டர்சன் 2018இலேயே இதைத்தான் வாதிட்டார்கள். நான் இந்த இரண்டாவது பள்ளி. பால் தொட்டி, பண்ணைக் கழிவுநீர், தொழிலாளியின் மூக்கு: இவற்றில் கவர்ச்சி ஏதும் இல்லை, ஆனால் செய்தி அங்கேதான் முதலில் வரும். அமெரிக்காவில் பால் மாதிரிகளை நாடு முழுவதும் சோதிக்கும் உத்தரவு 2024 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் மாடுகளில் வைரஸ் கண்டறியப்பட்டு எட்டு மாதங்கள் கடந்திருந்தன.

எங்கே எது

பண்ணை என்றால் வரிசை இப்படி: தொழிலாளருக்குத் தடுப்பூசியும் சம்பள விடுப்பும் முதலில், பால் அல்லது கழிவுநீர்ச் சோதனை அதோடு சேர்த்து, விலங்குத் தடுப்பூசி இருந்தால் அடுத்து. நோய் நுழைந்துவிட்டால் நுழைந்த பண்ணையை மட்டும் இழப்பீட்டோடு காலிசெய்வது. நெதர்லாந்து 2020இல் தொற்றிய மிங்க் பண்ணைகளைக் காலிசெய்துகொண்டே, 2024இல் அமலாக வேண்டியிருந்த மிங்க் வளர்ப்புத் தடையை முன்னுக்கு இழுத்தது. எப்படியும் மூடப்போகும் தொழிலுக்காக ஆபத்தைச் சுமப்பானேன் என்ற கணக்கு அது.

சந்தை என்றால் இரவுத் தடையும் ஓய்வு நாளும். வீட்டு விலங்குகள் என்றால் கொல்லும் உத்தரவை அலமாரியிலேயே வைத்துப் பூட்டுவது நல்லது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் ஒரு செல்லப்பிராணிக் கடையின் வெள்ளெலிகளிடமிருந்து கொரோனா மனிதருக்கு வந்தது. ஏறத்தாழ 2,000 வெள்ளெலிகளைக் கொல்ல அரசு முடிவெடுத்து, அண்மையில் வாங்கியவர்களும் ஒப்படைக்க வேண்டும் என்றது. கைவிடப்பட்ட வெள்ளெலிகளை ஒளித்து வளர்க்கத் தன்னார்வலர்கள் கிளம்பிவிட்டார்கள். அரசின் கண்ணுக்குத் தெரியாத வெள்ளெலி, கணக்கில் உள்ள வெள்ளெலியைவிட ஆபத்தானது. காய்ச்சல்காரர் சில நாள் பூனையைக் கொஞ்சாமல் இருந்தால் போதும் என்பது அதைவிட எளிதில் நிறைவேறும் அறிவுரை.

வைரஸ் காட்டுக்குள் போய்விட்டால் வழிகள் சட்டென்று குறைந்துவிடுகின்றன. மஞ்சள் காய்ச்சலை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஒழித்துவிடலாம் என்று ராக்கஃபெல்லர் அறக்கட்டளை நம்பியிருந்தது. நகரங்களில் அதைப் பரப்பும் கொசுவே இல்லாத பிரேசில் பள்ளத்தாக்கு ஒன்றில் 1932இல் அந்தக் காய்ச்சல் கண்டறியப்பட்டது; காட்டுக் குரங்குகளுக்கிடையே அது சுற்றிக்கொண்டிருப்பது பிறகு புரிந்தது. ஒழிப்பு என்ற சொல் அத்தோடு கைவிடப்பட்டது. 1937இல் வந்த 17டி தடுப்பூசியோடு மனிதர்கள் வாழப் பழகினார்கள். வெள்ளைவால் மான்களில் கொரோனா இன்று ஏறத்தாழ அந்த நிலையில் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் எடுத்த மான் மாதிரிகளில் 40 சதவீதத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தது. மனிதர்களிடையே மறைந்துவிட்ட வகைகள் மான்களில் பல மாதம் கழித்தும் கிடைத்தன. கோடிக்கணக்கான மான்களைக் கொல்லவும் முடியாது, ஊசி போடவும் முடியாது. வேட்டைக்காரர் கையுறை அணியலாம், மான்களை ஓரிடத்தில் கூட்டும் தீனி வைப்பதை நிறுத்தலாம், ஆண்டுதோறும் மாதிரிகளின் மரபணுவைப் படிக்கலாம்.

என் வரிசை தலைகீழாக மாறக்கூடிய நிலை ஒன்று உண்டு. கறவை மாடுகளில் சுற்றும் எச்5என்1 மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவத் தொடங்கினால், கொட்டகைத் தொழிலாளிக்கு முதல் ஊசி என்பது செல்லாது. அப்போது மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் முதியவர்களுக்கும் முன்னுரிமை, மாடுகள் இரண்டாமிடம். தொழிலாளியின் மூக்கிலும் பால் தொட்டியிலும் எடுக்கும் மாதிரிகளை வாரம் தவறாமல் படித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்த நாள் வந்துவிட்டது என்பது தெரியும்.